அத்தியாயம் 6: தண்ணீரின் பிடிவாதம்

சமையலறை அலமாரியில் ஆகக் குறைந்த மரியாதை உப்புக்குத்தான். ஏலக்காயை டப்பாவுக்குள் டப்பா போட்டு ஒளித்து வைப்போம். உப்பு ஜாடி மூடிகூட இல்லாமல் கிடக்கும். அந்த ஜாடியில் இருக்கும் ஒரு கிலோவை அடுப்பு மூட்டிக் காய்ச்சி எடுப்பதாக இருந்தால் என்ன செலவாகும் என்று ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சமையல் உப்பு ஏறத்தாழ 27 கிராம் இருக்கும். ஒரு கிலோ உப்புக்குக் குறைந்தது 40 லிட்டர் கடல்நீரை வற்றவைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகா ஜூல் வெப்பம் தேவை. மின்சாரக் கணக்கில் மூன்றில் இரண்டு யூனிட். 40 லிட்டருக்கு 27 யூனிட்! நிலக்கரியில் எரித்தால் ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் இந்த வேலையை வெயிலும் காற்றும் கூலி வாங்காமல் செய்துவிடுகின்றன. கூலி வாங்குகிறவர்கள், அதுவும் மிகக் குறைவாக வாங்குகிறவர்கள், கொதிக்கும் பாத்தியில் இறங்கி நின்று உப்பு வாரும் மனிதர்கள் மட்டும்தான். நம் ஜாடிக்கு மரியாதை இல்லாமல் போனதற்கு இரண்டுமே காரணம்.

முள்ளக்காட்டுப் பக்கம் ஓர் உப்பளத்தில் இந்த வேலையை ஒரு முழுக் காலைப்பொழுது பார்த்திருக்கிறேன். தெப்பத்தில் தேக்கிய நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்திக்கொண்டே போகிறார்கள். உப்பின் அடர்த்தியை அளக்கும் போமே மானியை மிதக்கவிட்டு ‘டிகிரி’ பார்க்கிறார்கள். கடல்நீர் கிட்டத்தட்ட மூன்றரை டிகிரியில் தொடங்குகிறது. வழியில் ஜிப்சம் படிந்து ஒதுங்கிவிடும். 25 டிகிரியை எட்டினால்தான் உப்பு பூக்கும். 30ஐ நெருங்கிவிட்டால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அன்றைக்கு நல்ல வெயில். ஆனாலும் அங்கிருந்த பெரியவர் மானியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“வெயில் இவ்வளவு அடிக்குதே அண்ணாச்சி, இன்னுமா ஏறலை?”

“வெயில் அடிச்சா போதுமா தம்பி? கொண்டல்லா அடிக்கி. மேக்காத்து வரட்டும், ரெண்டு நாள்ல ஏறிரும்.”

கொண்டல் என்பது கிழக்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று. மேல்காற்று மேற்கிலிருந்து மலையும் நிலமும் கடந்து காய்ந்து வருவது. ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்து வரும் காற்றால் பாத்தியின் ஈரத்தை அதிகம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆவியாதலைப் பற்றிப் பாடப்புத்தகம் ஓர் அத்தியாயத்தில் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். உப்பளத்தின் இந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். வீட்டில் எரிவாயுவையும் மின்சாரத்தையும் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது கேட்டால், முதலில் தண்ணீரைப் பாருங்கள் என்பேன். அந்தச் செலவில் கணிசமான பகுதி தண்ணீரைச் சூடாக்குவதிலும், ஆவியாக்குவதிலும், ஆவியானதைத் திரும்பப் பிடிப்பதிலும்தான் போகிறது. சூடேறவும் தண்ணீர் லேசில் இணங்காது, ஆவியாகவும் இணங்காது. மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

சோற்றுப்பானையிலிருந்து தொடங்கலாம். 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல ஏழரை மடங்குக்கு மேல் வேண்டும் அது முழுவதும் ஆவியாகிப் போக. கொதி வந்தபிறகு தீயைக் கூட்டினாலும் பானைக்குள் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. அரிசிக்குத் தெரிவது வெப்பநிலை மட்டும்தான். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரிலும் லேசாகக் குமிழ் விடும் தண்ணீரிலும் அது ஒரே வேகத்தில்தான் வேகும். கூட்டிய தீ முழுக்க ஆவியாகி ஜன்னல் வழியே போய்விடுகிறது.

எவ்வளவு போகிறது? ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 46 மெகா ஜூல் இருக்கிறது. நல்ல அடுப்பென்றால் அதில் 65 விழுக்காடு பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். அப்படிப் பார்த்தால் கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 75 கிராம் எரிவாயு வேண்டும். ஒரு வீட்டில் சோறு, குழம்பு, டீ, பால் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் வீணாக ஆவியாகிறது என்று வையுங்கள். ஓர் ஆண்டில் 13.7 கிலோ. வீட்டுச் சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோதான். பானைக்கு மூடி போடாததற்கு ஆண்டுக்கு ஒரு சிலிண்டர் அபராதம்.

முத்தையாபுரத்தில் இருக்கும் என் அத்தை இந்தக் கணக்கு எதுவும் இல்லாமல் ஐம்பது வருடமாக மூடி போட்டுத்தான் சமைக்கிறார். கொதி வந்ததும் தீயை ஊதுபத்தி அளவுக்குக் குறைத்துவிடுவார். காரணம் கேட்டேன். “தெறந்து போட்டா மணம் பூரா அடுத்த வீட்டுக்குல்லா போவும்” என்றார். எனக்கு அந்தக் காரணமும் போதும். குக்கர் என்பது இதே மூடியின் கெட்டிக்கார வடிவம்: ஆவியை அடைத்து, அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை 120 டிகிரிக்குப் பக்கத்தில் தூக்கிவிடுகிறது. விசில் என்பது வெளியேறும் எரிவாயுவின் சத்தம். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்தால் அடுத்த விசில் தாமதமாகும், பருப்பு தாமதமாகாது.

இனி உடம்புக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு, சுமார் 100 வாட், வெப்பம் விடுகிறான். வெளிக்காற்றும் உடம்பளவு சூடாக இருக்கும் சித்திரை மதியத்தில் அந்த வெப்பம் வெளியேற ஒரே வழி வியர்வை ஆவியாவது. மணிக்கு ஒரு தம்ளர் வியர்வை, ஏறத்தாழ 150 கிராம், ஆவியானால் கணக்கு சரியாகிவிடும். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதே இல்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு வேறு காற்றைக் கொண்டுவருகிறது. உப்பளத்துப் பாத்திக்கு மேல்காற்று செய்வதும் இதைத்தான். ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி அதனால் யாரையும் குளிர்விப்பதில்லை. மோட்டார் சூட்டால் அறையை மயிரிழை சூடாக்குகிறது, அவ்வளவுதான். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் ஆவியாதலால்தான். கொண்டல் அடிக்கும் நாளில் அதே பானை ஏமாற்றுவதும் இதனால்தான்.

பழைய விசிறி 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் ஆண்டுக்கு 197 யூனிட் மிச்சம். இதை அனல்மின் நிலையத்தின் கணக்கில் சொன்னால் சுமார் 140 கிலோ நிலக்கரி. தூத்துக்குடிக்காரர்களுக்கு இது வெறும் எண் இல்லை. 1979இல் முதல் அலகு ஓடத்தொடங்கி, 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாக வளர்ந்த அனல்மின் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே நிற்கிறது. ஒடிசா, வங்கத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வரும் கரி, கன்வேயர் பெல்ட்டில் ஏறி அங்கே போகிறது. மூன்று விசிறியை மாற்றிய வீடு ஆண்டுக்கு 400 கிலோவுக்கு மேல் கரியை அந்தப் பெல்ட்டிலிருந்து இறக்கிவிடுகிறது.

ஒரு சின்னத் திருத்தம். ஆடி மாதத்தில் ஓடும் விசிறி கரியில்தான் ஓடுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986இல் இதே முள்ளக்காட்டில் வந்தது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட், இன்றைய காற்றாலைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மை. இன்று கயத்தாற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வரை காற்றுக்காலத்தில் இறக்கைகள் சுற்றும்போது மின்கட்டமைப்பில் காற்றின் பங்கு கணிசமாகக் கூடுகிறது. உப்புக்கு டிகிரி ஏற்றும் அதே மேல்காற்று விசிறியையும் சுற்றுகிறது.

ஏ.சி. விஷயத்தில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர். ஒரு லிட்டர் ஆவியாக எவ்வளவு வெப்பம் எடுத்ததோ, அதைத் திரும்பத் தண்ணீராக்க அவ்வளவு வெப்பத்தையும் ஏ.சி. வெளியேற்றியாக வேண்டும். வாளியில் விழும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு யூனிட் செலவு. கடற்கரை ஊரில் ஓர் இரவில் பல லிட்டர் விழும். அதாவது நாம் அறையைக் குளிர்விக்கக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, கதவிடுக்கில் நுழைந்த கடற்காற்றைப் பிழிவதற்குப் போகிறது. கதவின் அடியில் பழைய துணியைச் சுருட்டி வைப்பதும், ஏ.சி. அறைக்குள் ஈரத்துணியைக் காயப்போடாமல் இருப்பதும் விலை உயர்ந்த மாடல் வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடியவை. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருப்பதும் அதனால்தான். நாம் முதல் வேலையாக அதை 18க்கு இறக்குவது தனிக் கதை.

சுடுதண்ணீருக்கு வருகிறேன்; இதில் எனக்குப் பொறுமை குறைவு. தண்ணீரைத் தூக்குவது மலிவு, சூடாக்குவதுதான் செலவு. ஆயிரம் லிட்டரைப் பத்து மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்ற, மோட்டாரின் விரயத்தையும் சேர்த்தால்கூட, சுமார் பத்தில் ஒரு பங்கு யூனிட் போதும். 15 லிட்டர் ஹீட்டரில் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்குச் சற்று மேல். அந்த மின்சாரத்தில் மூவாயிரம் லிட்டருக்கு மேல் மாடிக்கு ஏற்றிவிடலாம். இது பாதிக் கதைதான். அனல்மின் நிலையம் எரிக்கும் கரியில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம்தான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் குளிர்விப்பு நீர் வாங்கிக்கொள்கிறது. தூத்துக்குடி நிலையத்தில் அது கடல்நீர், சூடேறி மறுபடி கடலுக்கே போகிறது. ஆக, நம் குளியலறையில் ஒரு வாளி வெந்நீர் வைக்க, கடலில் இரண்டு வாளி வெந்நீர் ஊற்றுகிறோம். அதுவும் எந்த ஊரில்? மாடியில் கறுப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் சித்திரையில் பகல் இரண்டு மணிக்குக் குழாயில் கை கழுவ முடியாமல் தவிக்கும் ஊரில். மாலையில் ஒரு வாளி பிடித்து வைத்தால் போதும். மார்கழியில் குழந்தைக்கும் முதியவருக்கும் அடுப்பில் ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளலாம்.

துணி காயப்போடுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொடி இருக்கும் ஊருக்கு டிரையர் எதற்கு?

இதுவரை சொன்னது தண்ணீரின் சூடு. தண்ணீரே இங்கே வேறு ஒரு பிரச்சினை. குடிக்கத் தாமிரபரணி, வல்லநாட்டுப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது. புழங்க வீட்டுக்கு வீடு போர். அந்தப் போர் தண்ணீர் பத்து வருடத்துக்கு முன்பு நன்றாக இருந்தது, இப்போது சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது என்ற பேச்சைக் கடலோரத் தெருக்களில் கேட்காமல் இருக்க முடியாது. கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்து வெள்ளைத் திரியாக்கிவிடுகின்றன, அதனால் சோப்புச் செலவும் கூடுகிறது.

ஏன் உப்பாகிறது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தில் பேடன் கைபன் என்பவரும், 1901இல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பர்க் என்பவரும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். கடலோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல என்று சொல்லலாம், ஆனால் எடை வித்தியாசம் மிகச் சிறியது: நன்னீர் லிட்டருக்கு 1000 கிராம், கடல்நீர் 1025. அந்த 25 கிராம் வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் ஆழம் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். பனிப்பாறையின் தலை கொஞ்சம், உடல் நிறைய என்பதுபோல. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம். மோட்டார் போட்டு நன்னீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியில் உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். உண்மையான மண்ணில் களிமண் அடுக்குகளும் நீரோட்டமும் கணக்கை மாற்றும், திசையை மாற்றாது.

ஆகவே இந்த ஊரில் ஒரு வாளித் தண்ணீரை மிச்சம் பிடிப்பதும் மழையை மண்ணுக்குள் விடுவதும் வேறு ஊரைவிட நாற்பது மடங்கு பயன் என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லிக்கொள்வேன். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். குழாய் இருக்கிறது, அது போய்ச் சேரும் குழியில் ஜல்லியும் மணலும் சேறாகி எத்தனை வருடம் ஆயிற்று என்று புரட்டாசியில் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. தூத்துக்குடிக்கு ஆண்டு மழை சுமார் 65 செ.மீ.தான். ஆயிரம் சதுர அடி மாடியில், சிந்தியது போக, ஏறத்தாழ 48,000 லிட்டர்.

2023 டிசம்பர் 17, 18 எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. ஓர் ஆண்டு மழையையும் தாண்டி ஒரு நாளில். அதே ஆயிரம் சதுர அடி மாடியில் அன்று விழுந்தது 88,000 லிட்டர். அப்படி ஒரு மழையை எந்த வீட்டுக் குழியாலும் வாங்க முடியாது. வாங்கலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அது குளங்களும் ஓடைகளும் பார்க்க வேண்டிய வேலை. குழி இருப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் சாதாரண மழைக்கு.

ஆர்.ஓ. இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடும் இயந்திரங்கள் சாதாரணம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் நீருக்கு அது தேவையில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. அந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆற்றுத் தண்ணீரில் ஒருமுறை முக்கிப் பாருங்கள். கழிவுநீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். முருங்கைக்கு ஊற்ற வேண்டாம், அதில் உப்பு செறிந்திருக்கும். பாத்திரம் அலசிய தண்ணீரையே முருங்கை விரும்பும்.

கடைசியாக மாடி. வெள்ளை அடித்த மாடி, விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் காங்கிரீட் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு நம் தலைமேல் இறக்கும். கோடைக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது ஏ.சி.யைவிடப் பழைய அறிவு. ஆனால் இந்தப் பழைய அறிவுக்கு இந்தக் கடற்கரை ஒரு விலை கொடுத்திருக்கிறது. சுண்ணாம்புக் கல்லும் பவளமும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். பக்கத்துக் கடலில் பவளப்பாறை கிடக்கும்போது உள்நாட்டுக் கல்லுக்கு யார் போவார்கள்? பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்துச் சூளையில் சுட்டார்கள். கட்டடத்துக்கும் போயிற்று, ஆலைகளுக்கும் போயிற்று. இயற்கையான பொருள் என்றாலே தீங்கில்லை என்று நினைப்பவர்கள் இதை ஒருகணம் யோசிக்கலாம்.

பவளப்பாறை அலையை உடைக்கும் திண்ணை. அது போனால் தீவின் மணலுக்குப் பிடி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. 1986இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே வந்தது. அதைக் காப்பாற்ற, ஊரில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில், சில ஆண்டுகளாகச் செயற்கைப் பாறைகளை வரிசையாகக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த காங்கிரீட். அந்தச் சிமெண்டுக்கும் சுண்ணாம்புக் கல்லைத்தான் சூளையில் சுட வேண்டியிருந்தது.